என் கை பட்ட வண்டி

கியர் நழுவுகிறது என்று யாராவது பழைய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் உடனே ஸ்பேனரைத் தூக்குவதில்லை. முதலில் ஓட்டுகிறவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பேன். கோளாறில் பாதி வண்டியில் இருக்காது ஐயா, ஓட்டுகிறவரின் காலில் இருக்கும். நாள் முழுக்கக் கிளட்ச் மிதியின் மேல் பாதத்தைச் சாய்த்துக்கொண்டே உழுதுவிட்டு, "என்னமோ தெரியல, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் இரண்டு கேள்வி கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். பல வண்டிகள் அதோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.

அப்படிப் போகாத வண்டியை வரிசையாகப் பார்க்க வேண்டும். கிளட்ச் மிதி எவ்வளவு தூரம் சும்மா இறங்குகிறது, எங்கே பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கியர் பெட்டியின் எண்ணெயை இரண்டு விரலில் தொட்டுத் தேய்க்க வேண்டும். வெளுத்துப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மினுமினுத்தால் உள்ளே இரும்பு தேய்கிறது. பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. திறக்கிறவன் உள்ளே எதைப் பார்த்தாலும் தாங்கிக்கொள்கிற மனதோடு திறக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் விளையாட்டாகச் சொல்வேன். இப்போது அது விளையாட்டாகத் தெரியவில்லை.

என் தங்கையின் கணவன் இறந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் கேட்டது அதைப் பற்றித்தான். ஆனால் நேராக அவன் செத்த அந்த இறக்கத்துக்குப் போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவனுடைய டிராக்டருக்கு முப்பத்தெட்டு வயது. அவன் அதை வாங்கும்போதே அது கிழவி. நான்கு சக்கரமும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது. அதை என் பட்டறைக்குக் கொண்டுவந்தவன், நான் மூடியைக் கழற்றியதும், வழிந்த எண்ணெயைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். நல்ல வெள்ளைக் கைக்குட்டை. இரும்பை இப்படிப் பார்த்துக்கொள்கிறவன் என் தங்கையையும் பார்த்துக்கொள்வான் என்று தோன்றியது. அடுத்த வருடமே கட்டிக்கொடுத்தேன். பார்த்துக்கொண்டான். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நியாயத்தை நியாயமாகப் பேசுவதுதான் என் பழக்கம்.

இருபத்திரண்டு வருடம் அந்த வண்டியில் என் கை தவிர வேறு கை பட்டதில்லை. அவன் அதைப் பெருமையாகச் சொல்வான். கடைவீதியில், வங்கியில், யார் வீட்டு விசேஷத்தில் பார்த்தாலும், "எங்க மச்சான் கை பட்டா போதும், வண்டி கம்முனு கெடக்கும்" என்பான். அந்த ஒரு பேச்சை வைத்தே எனக்குப் பாதி ஊர் வண்டி வந்தது. அதைவிட, நான் தனியாள். மனைவி போய் ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அவன் அப்படிச் சொல்வதைக் கேட்கத்தான் சில நாள் வேலை இல்லாவிட்டாலும் பட்டறையைத் திறந்து வைத்திருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு காலையில் வண்டியோடு வந்தான். மூன்றாவது கியர் இறக்கத்தில் நழுவுகிறது என்றான். கியர் கைப்பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்து ஒரு ரப்பர் பட்டை கட்டி, இருக்கையின் அடிக் கம்பியோடு இழுத்து முடிந்திருந்தான். கியர் வெளியே துள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிக்காரர்கள் செய்கிறதுதான். ஆபத்துக்கு உதவும்.

தேநீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே ஒரு சாக்குப் பையை என் பக்கம் தள்ளினான்.

"ஃபோர்க்கா இருக்கும்னு தோணுது மச்சான். உடைக்கப் போட்ட வண்டியில ஒண்ணு கெடைச்சுது, எடுத்துட்டு வந்தேன்."

ஃபோர்க் என்பது பெட்டிக்குள்ளே கியர்ச் சக்கரத்தைக் கவ்வி நகர்த்துகிற இரண்டு கால் இரும்பு. அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. கியர் நிற்கவில்லை என்றுதான் விவசாயி சொல்வான். ஃபோர்க் என்று சொல்ல மாட்டான். பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவன் சொல்லித்தான் அந்தச் சொல் அவன் வாய்க்கு வந்திருக்க வேண்டும். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாப்ள, யாராவது பெட்டியைத் திறந்தாங்களா?"

"ஐயோ, உங்களை விட்டா யாரு மச்சான்?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தம்ளரைப் பார்த்துச் சொன்னான்.

அவன் போன பிறகு வரிசைப்படி பார்த்தேன். கிளட்ச் சரி. எண்ணெய் சுத்தமாக இருந்தது, என் கணக்குக்கு அது கறுத்திருக்க வேண்டும். பெட்டி மூடியின் போல்ட்டுகளில் தலை மழுங்கவில்லை, ஆனால் என் ஸ்பேனரின் தழும்பு இல்லை. மூடியைத் தூக்கினேன். விளிம்பு முழுக்கச் சிவப்புப் பசை.

நான் பசை போடுகிறவன் இல்லை ஐயா. எண்ணெய் கசியாமல் இருக்கத் தடித்த காகிதத்தை மூடியின் அளவுக்கு என் கையால் வெட்டி, இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி வைப்பேன். முப்பத்தைந்து வருடமாக அதுதான். அந்தச் சிவப்பை நகத்தால் கீறிப் பார்த்தேன். கட்டிலில் இன்னொருத்தன் சட்டையைப் பார்த்தவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்றாவது கியர்த் தண்டின் மேல், கியர் நழுவாமல் இரும்புக் குண்டை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் புத்தம்புதிதாக இருந்தது. அதுவும் நான் போட்டதில்லை. ஃபோர்க்கின் ஒரு கால் வளைந்து தேய்ந்திருந்தது. அவன் சொன்னது சரிதான், மாற்ற வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவது யாருக்கும் உள்ள உரிமை. "மச்சான், உங்க வேலை எனக்குப் பிடிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். வலித்தது அந்தப் பொய். இருபத்திரண்டு வருடம் ஊர் முழுக்கச் சொன்ன அதே வாக்கியத்தை, அது பொய்யான பிறகும் அதே சிரிப்போடு என்னிடமே சொன்னான் பாருங்கள், அது.

ஆனாலும் ஒரே முறை கேட்டு முடிவு கட்டுகிறவன் இல்லை நான். புறவழிச்சாலையில் புதிதாகப் பட்டறை போட்டிருப்பவரிடம் போனேன். சிவப்புப் பசை அவர் கடையில்தான் அலமாரி அலமாரியாக இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. டீ சொல்றேன்."

"எங்க மாப்பிள்ளை வண்டியைத் திறந்தது நீங்கதானே?"

அவர் டீக்கு ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பினார். "அதை அவர்கிட்டயே கேட்டுக்குங்கண்ணே. நான் ஒண்ணும் சொல்றதா இல்ல."

தேநீர் வந்தது. டீக்கடைக்காரன் தம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பித் தொலைத்திருந்தான், என் சட்டையில் சிந்திவிட்டது. புதுக்கடைக்காரர் ஒரு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தொழில்காரன் தொழில்காரனை அப்படிப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது முறை அவன் வயலில் வைத்துக் கேட்டேன். "யாரும் தொடல மச்சான், நீங்க வேற" என்றான். மூன்றாவது முறை அவன் வீட்டிலேயே, மத்தியானச் சாப்பாட்டின்போது, தங்கை பரிமாறிக்கொண்டிருக்கையில் கேட்டேன். கேட்டதும் அவன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"ஏன் மச்சான் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? உங்க கை பட்ட வண்டியை நான் வேற யாருக்குத் தருவேன்?"

ஆக, அவளுக்கும் தெரியும். நான் தூக்கி வளர்த்த தங்கை. இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, நாளைக்கு வண்டி தயாராகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். முதலில் அந்தச் சிவப்புப் பசையைப் பிளேடால் சுரண்டினேன். ஒரு பொட்டு விடாமல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு அந்தப் புது ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். இன்னொருத்தர் போட்டதை உள்ளே வைத்துக்கொண்டு என் பெயரில் மூடியைப் போட முடியாது. என் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப வைத்திருக்கலாம், அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த இடம் காலியாக இருந்தது. சாக்கில் அவன் கொண்டுவந்த ஃபோர்க் அருமையான ஃபோர்க். அதைத் துடைத்து மேசையின் இழுப்பறையில் வைத்துவிட்டு, வளைந்ததையே திரும்ப மாட்டினேன். காகிதம் வெட்டினேன். மூடினேன். எண்ணெய் ஊற்றினேன்.

இது எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சமதளத்தில் இன்ஜின் வண்டியை இழுக்கும்வரை கியர்ப் பற்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கும், ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் நழுவாது. இறக்கத்தில் பாரத்தோடு போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி இன்ஜினைத் தள்ளும். அப்போது பிடித்து நிறுத்த ஸ்பிரிங் வேண்டும். இல்லையென்றால் கியர் வெளியே வந்துவிடும், அந்தக் கால வண்டியில் ஓட்டத்தில் அது திரும்ப விழாது. பிறகு பிரேக் மட்டும்தான். அவனுடைய இடது பிரேக் ஆறு மாதமாகப் பிடிப்பதில்லை. அதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அந்த விஷயத்தில் மட்டும் உண்மையைச் சொன்னான்.

சாயங்காலம் அவன் வந்து, பட்டறைக்கு முன்னால் சமமான தெருவில் ஐந்து சுற்று ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது கியர் கல்லு மாதிரி நின்றது. இறங்கி வந்து என் தோளைத் தட்டினான். "சொன்னேன்ல மச்சான், உங்க கை பட்டா போதும்னு." நான் கைப்பிடியில் கட்டியிருந்த ரப்பர் பட்டையின் முடிச்சை அவிழ்த்தேன்.

"இது கெடக்கட்டுமே மச்சான், ஒரு பாதுகாப்புக்கு."

"என் வேலை மேல நம்பிக்கை இல்லையா மாப்ள?"

அவன் உடனே பட்டையை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டான். அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

எங்கள் பழக்கம் ஒன்று உண்டு. கியர் பெட்டியை நான் மூடினால், முதல் பாரத்தை அவன் களத்திலிருந்து வாய்க்கால் பாலத்துக்குப் போகிற இறக்கத்தில் நான்தான் ஓட்டி இறக்குவேன். அவன் பின்னால் நடந்து வருவான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட மாறியதில்லை. மறுநாள் காலை, இந்த முறை முழங்கால் வலி என்றேன். "நீங்க உக்காருங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று அவனே ஏறினான். டிரெய்லரில் இரண்டாயிரம் செங்கல் இருந்தது. காலை பத்தரை மணி. நான் அவன் களத்தில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதி இறக்கத்தில் இன்ஜின் சத்தம் அடங்கியது. கியர் வெளியே வந்துவிட்டால் அப்படித்தான் அடங்கும். பிறகு ஒரு கரகரப்பு, அவன் திரும்பக் கியரைப் போடப் பார்த்திருக்கிறான். பிறகு கீழே வாய்க்கால் பாலத்தில் டிரெய்லர் மோதிய சத்தம். முழங்கால் வலியை மறந்து ஓடினேன். வண்டி தலைகீழாகக் கிடந்தது. நான் முதலில் பார்த்தது கியர் கைப்பிடியை. எந்தக் கியரிலும் இல்லாமல் நடுவில் நின்றது. அப்புறம்தான் அவனைப் பார்த்தேன். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பு இல்லை. எனக்கு அவனை விட்டால் யார் இருந்தார்கள்?

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வண்டியைச் சோதிக்கப் புதுக்கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கே இல்லைங்க. பெரியவர் போட மறந்திருக்காரு, பாவம்" என்றார். என் காது படச் சொன்னார். பாவமாம்.

அதற்கு அடுத்த நாள் தங்கை என்னைத் தேடிப் பட்டறைக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ மனசைப் போட்டு வதைச்சுக்காத. நீ வேணும்னா செஞ்ச? கை இப்படி நடுங்குது, கண்ணும் முன்ன மாதிரி இல்ல. மறந்திருப்ப. எங்க தப்புதான். முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"போன வருஷம் பேரிங் மாத்திக் குடுத்தியே, அப்ப ஒரு போல்ட்டை உள்ளயே விட்டுட்ட. அது பல்லுல மாட்டி அரைபட்டு, ஸ்பிரிங் ஒடைஞ்சு, ஃபோர்க்கும் வளைஞ்சுபோச்சு. அவரு தலையில கை வச்சுட்டு உக்காந்துட்டாரு. வண்டிக்காக இல்ல. 'இது மச்சானுக்குத் தெரிஞ்சா உசுரை விட்ருவாரு'ன்னாரு. அந்தக் கடைக்காரர்கிட்ட கொண்டுபோய் போல்ட்டை எடுத்துட்டு, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டு வந்தாரு. ஃபோர்க்கையும் நானே மாத்திடறேன்னு அந்தக் கடைக்காரரு சொல்லியிருக்காரு. இவரு ஒத்துக்கல. 'நானே போகலைன்னா அப்புறம் மச்சான்கிட்ட எவன் போவான்'னு உன்கிட்டயே கொண்டுவந்தாரு."

நான் ஒரு நாள் முழுக்க இதை யோசித்தேன் ஐயா. அந்த போல்ட் என்னுடையதாக இருக்க முடியாது. நான் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தட்டில் வரிசையாக வைத்து எண்ணுகிறவன். அப்படியானால் புதுக்கடைக்காரருக்கு முன்னால் பெட்டியைத் திறந்தது யார் என்று கேட்பீர்கள். எல்லாத் தொழிலிலும் பதில் கிடைக்காத கேள்வி ஒன்றிரண்டு இருக்கும். அது போகட்டும். அவன் என்மேல் வைத்த அன்பினால்தான் பொய் சொன்னான் என்றே வைத்துக்கொள்வோம். பொய் பொய்தான். என்னை ஏமாற்றிப் பிழைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அதை மறைக்க எனக்குப் புகழ்மாலை சாத்தியிருக்கிறான். போன வருடத்திலிருந்து அவன் சொன்ன ஒவ்வொரு "எங்க மச்சான் கை"யையும் இப்போது நான் என்ன செய்வது, சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் நேற்று எனக்கு வாசித்துக் காட்டிய தாளுக்கு வருகிறேன். வயது முதிர்வு, கவனக்குறைவு, மறதி, உள்நோக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். என்னை அழைத்துப்போகத் தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இனி உன்னை நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா, பட்டறையை மூடிவிடு என்கிறாள். என்னைக் குழந்தையாக்கி ஒரு மூலையில் உட்காரவைக்க எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். நான் மறக்கவில்லை. ஸ்பிரிங் என் பட்டறையில் ஜன்னலோரத் தகர டப்பாவில் இருக்கிறது, ஃபோர்க் இழுப்பறையில் துணியில் சுற்றி இருக்கிறது, ஆளை அனுப்பிப் பாருங்கள். அதுவும் போதாது, வயதானவன் எங்கேயோ வைத்துவிட்டு மறந்திருப்பான் என்று புதுக்கடைக்காரர் சொல்லக்கூடும். அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை அவன் வண்டியை எடுக்கும்போது, கீழே கடைக்குப் போக வேண்டும் என்று என் தங்கையும் மட்கார்டில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து போய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அவளை இறக்கினேன். வேண்டுமானால் கூப்பிட்டுக் கேளுங்கள், அவளுக்கு நினைவிருக்கும். ஸ்பிரிங்கை மறந்தவன் தங்கையை ஏன் இறக்கிவிடப் போகிறான்?

புதுத் தாள் எடுங்கள். பெட்டியைத் திறந்தது நான், ஸ்பிரிங்கை எடுத்தது நான், மூடியது நான், வேறு யார் கையும் படவில்லை என்று எழுதுங்கள். கையெழுத்து எங்கே? இங்கேயா? வேறு பேனா இருந்தால் கொடுங்கள் ஐயா, இந்தப் பேனா சரியில்லை, தாளில் நிற்கவே மாட்டேன் என்கிறது.